கிருமியின் தலையெழுத்து

(நாகலாபுரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்திற்குக் "கிருமியின் தலையெழுத்து" என்று தட்டியில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கொரோனா அடங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டதே, செத்த பாம்பை இப்போது எதற்காக அடிக்கிறீர்கள்?" என்று டீக்கடையில் ஒரு தோழர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தோழர்களே! பாம்பு அடங்கிற்றேயொழிய, பாம்பைச் சொல்லி எழுப்பிய புற்று அடங்கவில்லை. அந்தப் புற்றுக்குப் பால் வார்ப்பதும் நிற்கவில்லை. 2021-ஆம் வருஷம் மே மாதத்தில், ஆஸ்பத்திரி வாசல்களில் பிராணவாயு கிடைக்காமல் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், கோயமுத்தூருக்கு அடுத்த இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தார் "கொரோனா தேவி" என்று கருங்கல்லில் ஒரு விக்கிரகம் செய்து வைத்துப் பூசை நடத்தினார்கள். அதே கோயமுத்தூரில் ஒரு நூறு வருஷத்துக்கு முன் பிளேக் வந்தபோது "பிளேக் மாரியம்மன்" உண்டாக்கப்பட்டாள். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியினால் பிளேக் பரவுகிறதென்று கண்டுபிடித்து, எலியை ஒழித்து, மருந்தும் கண்டு, பிளேக் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மனுக்கு மாத்திரம் உத்தியோகம் போகவில்லை! பெரியம்மை சங்கதியும் இப்படியே. இந்தியாவில் 1975-ஆம் வருஷத்தோடு அது நின்றது. 1980-ல் உலகத்திலேயே இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அம்மை குத்துகிற ஊசி அதை ஒழித்தது. கூழ் மட்டும் இன்றைக்கும் அம்மனுக்கு ஊற்றப்படுகிறது.

மற்ற மதக்காரர்கள் சிரிக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் திருப்பதி வெங்கடாசலபதி தன் பக்தர்களைப் பார்க்க முடியாதென்று கதவைச் சாத்திக்கொண்டார். மக்காவுக்கு வெளிநாட்டார் வர வேண்டாமென்று தடுக்கப்பட்டது. ரோமாபுரியில் போப்பாண்டவர் ஜனங்களில்லாத கோயிலில் ஈஸ்டர் பூசை செய்தார். மூடியதை நாம் குறையாகச் சொல்லவில்லை. மூடியது மிக மிகச் சரியான காரியம். சர்வ வல்லமையுள்ளவரின் சந்நிதியிலும் சோப்பும் முகமூடியுந்தான் காக்கும் என்று எல்லா மதத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களே, அதைத் திறந்த மறுநாளே மறந்துவிட்டார்களே என்பதுதான் நமது வருத்தம்.

நிற்க. இன்று நாம் பேச வந்தது சாமிகளைப் பற்றியல்ல, அந்தக் கிருமியைப் பற்றி. அது நம் உடம்பிற்குள் புகுந்து என்ன செய்கிறது, எப்படித் தன்னைப் பிரதி எடுத்துக்கொள்கிறது, அப்படி எடுக்கிறபோது அது உண்டாக்குகிற கோணல்மாணலான நகல்கள் எவை, அவைகளை மனிதன் எப்படிக் கண்டான் என்பவைகளைப் பற்றித்தான். இந்த விஷயத்தில் நாமே செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் பின்னால் சொல்லுகிறோம்.

"எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லாத ஆள் இந்தக் கரிசல் சீமையில் உண்டா? மழை பொய்த்தாலும் தலையெழுத்து, பருத்தியில் புழு விழுந்தாலும் தலையெழுத்து, தரகன் எடையில் ஏமாற்றினாலும் தலையெழுத்து. பிரமன் மண்டையில் எழுதிவிட்டானாம். அதை யாரும் படிக்கவும் முடியாதாம், அழிக்கவும் முடியாதாம். சுடுகாட்டில் கிடக்கும் மண்டையோட்டில் எலும்புகள் பொருந்துகிற வரிகளைக் காட்டி, "இதோ பார் எழுத்து" என்று சொன்ன கிழவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் கொரோனாக் கிருமிக்கு மெய்யாகவே ஒரு தலையெழுத்து இருக்கிறது. சுமார் 70 எழுத்துக்கள். அது இரகசியமல்ல. எழுத்துக்கு எழுத்து படித்து, உலகமெல்லாம் பார்க்கும்படி அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். படித்தவன் பிரமனல்ல, மனிதன்.

அந்தக் கிருமி என்பது என்ன? ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் பதினாயிரம் கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியது. கொழுப்பினால் ஆன ஒரு பை, பையின்மேல் முட்கள், உள்ளே ஒரு நீண்ட இழை. அந்த இழைக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அதில் நான்கே நான்கு எழுத்துக்கள் மாறி மாறி வருகின்றன: ஏ, யூ, ஜி, சி. 2019-ன் இறுதியில் சீனத்து ஊகானில் கண்ட கிருமியின் இழையை எண்ணியதில் மொத்தம் 29,903 எழுத்துக்கள். இந்த ஜாதிக் கிருமியை மனிதனிடமிருந்து எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் முதன்முதல் படம் பிடித்துக் காட்டியவர் ஜூன் அல்மெய்டா என்கிற அம்மையார். கிளாஸ்கோ நகரத்து பஸ் டிரைவரின் மகள். 16-ஆம் வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். முட்கள் கிரீடம்போல் இருந்ததினால் 1968-ல் இந்த வகைக்குக் கொரோனா என்ற பெயரும் வந்தது. பெண்ணுக்கு அறிவு குறைவென்று எழுதி வைத்த சாஸ்திரிகள் எவராவது ஒரு கிருமியை, கிருமி வேண்டாம், ஒரு பேனையாவது கண்டுபிடித்ததுண்டா என்று கேட்கின்றோம். பள்ளியிறுதிக்கு மேல் போகாத நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அம்மையாரின் பெயர் ஒரு தைரியம்.

இனி சற்றுக் கவனமாகக் கேளுங்கள். அந்த 29,903 எழுத்து இழையை ஒரு நீண்ட பத்திரமென்று வைத்துக்கொள்ளுங்கள். விளாத்திகுளத்தில் பத்திரப்பதிவு ஆபீசுக்குப் போகாத குடியானவன் இல்லையாதலால் இந்த உபமானம் உங்களுக்கு இலேசாக விளங்கும். பத்திரத்தின் முதல் மூன்றில் இரண்டு பாகம் கருவிகளுக்கான பாகம். அதைப் படித்தால் 16 கருவிப் புரதங்கள் உண்டாகின்றன. நகலெடுக்கும் யந்திரமும் அதற்குள்ளேதான் அடக்கம். கடைசி மூன்றில் ஒரு பாகத்தில் வீடு கட்டும் சாமான் ஜாபிதா இருக்கிறது: முள், உறை, சவ்வு, இழையைச் சுற்றிப் பொதிகிற புரதம் முதலியவை.

இங்கேதான் சிக்கல். நம் உடம்பின் உயிரணுவில் பத்திரம் படிக்கிற குமாஸ்தா ஒருவன் இருக்கிறான்; ரைபோசோம் என்று பெயர். அவன் தலைப்பிலிருந்து படிக்கத் தொடங்குவான். முதல் இனத்தைப் படித்து முடித்ததும் பத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவான். அடியில் இருக்கிற ஜாபிதாவை அவன் பார்ப்பதே இல்லை. முள் எப்படி உண்டாகும்? உறை எப்படி உண்டாகும்? அதற்கு இந்தக் கிருமியிடம் இருக்கிற தந்திரம் (தந்திரம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம், அதற்குப் புத்தி கிடையாது) குறும்பத்திரங்கள் எழுதிக்கொள்வது. ஒவ்வொரு இனமும் ஒரு பத்திரத்தில் முதல் இனமாக வரும்படி, நடுவிலுள்ளதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பை ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒரே தலைப்புத்தான் நாம் சொன்ன 70 எழுத்துத் தலையெழுத்து. ஆகவே எல்லாக் குறும்பத்திரங்களுக்கும் தலை ஒன்று, வால் ஒன்று. நடுவின் நீளம் மாத்திரம் வேறு வேறு.

இது எப்படி நடக்கிறது? நகலெடுக்கும் யந்திரம் பத்திரத்தை அடியிலிருந்து மேல்நோக்கி எழுதிக்கொண்டு போகிறது. அது எழுதுவது எதிர்ப்பிரதி. தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சுக்கட்டையில் எழுத்து இடவலம் மாறி இருக்குமல்லவா, அதைப்போல. அந்தக் கட்டையிலிருந்து பிறகு வேண்டுமட்டும் நேர்ப்பிரதிகள் அடித்துக்கொள்ளலாம். மேல்நோக்கி எழுதிப் போகையில் ஒவ்வொரு இனத்தின் தலைமாட்டிலும் ஆறெழுத்துள்ள ஒரு குறி வருகிறது: ஏ, சி, ஜி, ஏ, ஏ, சி. இதே ஆறெழுத்துக் குறி பத்திரத்தின் உச்சியில், தலைப்பின் ஓரத்திலும் இருக்கிறது. யந்திரம் கீழே உள்ள குறிக்கு வந்ததும் சில வேளை நேரே மேலே போய்விடும். சில வேளை நின்று, ஒரே தாவாகத் தாவி, உச்சியிலுள்ள குறியில் போய் ஒட்டிக்கொண்டு, தலைப்பை எழுதி முடித்துவிடும். நடுவில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள் விட்டுப்போகும்.

பழைய ஏட்டுச்சுவடி எழுதினவர்களுக்கும் இது நேர்ந்ததுதான். ஒரு சொல் இந்த வரியிலும் வந்து, நாலு வரி தள்ளியும் வந்தால், எழுதுகிறவன் கண் இங்கிருந்து அங்கே தாவிவிடும். நடுவிலுள்ள நாலு வரி காணாமற்போகும். ஏட்டுக்கு ஏடு பாடபேதம் வந்ததற்கு இது ஒரு காரணம். இதோடு இடைச்செருகலையும் சேர்த்துக்கொண்டால் நமது புராணங்களின் யோக்கியதை தெரிந்துபோகும். ஆனால் ஒரு வித்தியாசம். ஏடெழுதினவனின் கண் தவறியதையும் கை செருகியதையும் ரிஷி வாக்கியம் என்று சொல்லி நம்மைக் கும்பிடச் சொன்னார்கள். கிருமியின் தாவலையோ, எங்கே தாவிற்று, எத்தனை தடவை தாவிற்று என்று எண்ணிக் கணக்கெடுத்தார்கள்.

அந்தக் கணக்கு ஒரே நாளில் வந்ததல்ல. 1983-ஆம் வருஷ வாக்கில், எலிகளுக்கு ஈரல் நோய் உண்டாக்கும் கொரோனாக் கிருமியை வைத்துக்கொண்டு, நெதர்லாந்தில் வில்லி ஸ்பான் என்பவரும் அமெரிக்காவில் மைக்கேல் லாய் என்பவரும் தங்கள் தங்கள் கூட்டாளிகளோடு வேலை செய்தார்கள். குறும்பத்திரங்களின் தலை ஓரிடத்ததும் உடல் வேறிடத்ததும் என்று அவர்கள் கண்டார்கள். எப்படி ஒட்டுகிறது என்பதில் தகராறு இருந்தது. தலைப்பு முன்னதாக உண்டாகி, பிறகு வந்து உடலில் ஒட்டிக்கொள்கிறது என்பதே பெரும்பாலோர் அபிப்பிராயம். சவிக்கி தம்பதிகள் இருவர், "அப்படியல்ல, எதிர்ப்பிரதி எழுதுகிறபோதே தாவல் நடந்துவிடுகிறது" என்று 1990-களில் எடுத்துக்காட்டினார்கள். பல பேர் பல வருஷம் சோதித்துப் பார்த்த பிறகு அவர்கள் கட்சியே நின்றது. "எங்கள் குரு அப்படிச் சொன்னார், எங்கள் மடத்துச் சம்பிரதாயம் இப்படி" என்று அங்கே யாரும் வாதாடவில்லை. சோதனையில் தோற்றது தோற்றதுதான்.

இனி 2020-க்கு வருவோம். உலகமெல்லாம் கதவடைத்துக் கிடந்த அந்தப் பங்குனி சித்திரை மாதங்களில், நம் தேசத்தில் ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். தில்லியில் அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், பசுவின் மூத்திரத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடித்து ஒரு வைபவம் நடத்தினார்கள். அதே காலத்தில் கொரியா தேசத்து சியோல் நகரில், நாரி கிம் என்ற அம்மையாரும் ஹேஷிக் சாங் என்பவரும் தம் தோழர்களோடு, குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் இந்தக் கிருமியை வளர்த்து, அது உண்டாக்கிய நகல்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கேற்றினவர்களை நாம் ஏசவில்லை. பயந்த மனிதன் எதையாவது செய்வான். எந்த இடத்தில் எந்த வேலை நடந்தது என்பதைத்தான் சொல்லுகிறோம்.

சியோல்காரர்கள் கண்டதென்ன? பத்துக் குறும்பத்திரங்கள் இருக்க வேண்டுமென்று பலர் ஊகித்திருந்தார்கள். படித்துப் பார்த்ததில் முறையான குறும்பத்திரங்கள் ஒன்பதுதான். பத்தாவது இனத்துக்குச் சரியான சாட்சியே கிடைக்கவில்லை. அது போகட்டும். ஆச்சரியம் என்னவென்றால், இந்த ஒன்பதையும் தவிர எந்த ஜாபிதாவிலும் சேராத விநோத நகல்கள் ஏராளமாக அகப்பட்டன. ஆறெழுத்துக் குறியே இல்லாத இடத்தில் தாவியவை. தலைப்பில்லாமல், நடுவில் ஓரிடத்திலிருந்து நடுவில் வேறோரிடத்துக்குத் தாவியவை. ஒரு இனத்தின் பாதியோடு இன்னொரு இனத்தின் பாதி ஒட்டிக்கொண்டவை. எழுத்து மும்மூன்றாகப் படிக்கப்பட வேண்டியதில் ஒன்று தவறி, அதற்கப்புறமெல்லாம் உளறலாய்ப் போனவை. ஒன்பது முறையான நகல்களோடு பார்க்கும்போது இவை ஒவ்வொன்றும் சொற்பமே. ஆனால் வகையில் எண்ணிறந்தவை. இன்னுமொன்று: அந்த இழைகளில் குறைந்தது 41 இடங்களில் எழுத்தின்மேல் ஏதோ இரசாயன மாறுதல் ஏறியிருந்ததற்கு அடையாளம் கண்டார்கள்.

"எல்லாவற்றையும் அளந்து படைத்தான் ஆண்டவன், ஒரு அணுவும் அவனன்றி அசையாது" என்கிற பக்தர்களை நாம் கேட்பது ஒன்றுதான். பாதி முள்ளும் பாதி உறையுமாக ஒட்டிக்கிடக்கும் இந்த உளறல் நகல்களை எழுதியவர் யார்? நம்மைத் தண்டிக்கக் கிருமியை அனுப்பினார் என்றால், தண்டனைப் பத்திரத்தை இத்தனை பிசகோடா எழுதி அனுப்புவார்? நம்மூர்த் தலையாரியே இதைவிட ஒழுங்காக எழுதுவார்.

ஆனால் தோழர்களே! இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். விநோதமாக ஒன்றைக் கண்டவுடனே அதை நம்பிவிடுவதும் மூடநம்பிக்கைதான், அது ஆய்வுக்கூடத்தில் நடந்தாலும் சரியே. வழக்கமாக ஆர்.என்.ஏ.யைப் படிப்பவர்கள் முதலில் அதை டி.என்.ஏ.யாக மாற்றி எழுதிக்கொண்டு படிப்பார்கள். அப்படி மாற்றி எழுதுகிற நொதிக்கும் தாவுகிற குணம் உண்டு! அது தானாகவே இரண்டு துண்டுகளை ஒட்டி, உயிரணுவில் இல்லாத நகலைச் சோதனைக்குழாயில் உண்டாக்கிவிடும். நகல் கோணலா, நகலைப் பார்க்கும் கண்ணாடி கோணலா என்று தெரியாது. இதற்காகவே சியோல்காரர்கள் மாற்றி எழுதாமல், ஆர்.என்.ஏ. இழையையே ஒரு நுண்ணிய துவாரத்தின் வழியே ஓடவிட்டு, ஓடுகையில் மின்சாரம் மாறுவதைக் கொண்டு படிக்கிற முறையையும் வைத்துக்கொண்டு, இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். இப்படிச் சந்தேகப்படாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2021-ல் அமெரிக்காவில் பேர்பெற்ற ஆராய்ச்சிக்காரர்கள் சிலர், பாதி கிருமியினுடையதும் பாதி மனிதனுடையதுமான ஒட்டு நகல்களைக் கண்டோம், கிருமியின் எழுத்து மனிதனுடைய டி.என்.ஏ.யிலேயே நுழைந்துவிடக்கூடும் என்று எழுதினார்கள். வேறு ஆராய்ச்சிக்காரர்கள் உடனே எதிர்த்து, அந்த ஒட்டு நகல்களில் பெரும்பாலானவை சோதனைக்குத் தயார் செய்கையில் நொதி தாவியதால் வந்தவையாகவே இருக்கக்கூடும் என்று காட்டினார்கள். பேர் பெரிதென்று யாரும் வாய் பொத்தி நிற்கவில்லை.

பிசகுகளிலே எப்போதாவது ஒன்று கிருமிக்கு உபயோகமாகவும் போய்விடுகிறது. 2020-லேயே, இழையைப் பொதிகிற புரதத்தின் பாகத்தில் அடுத்தடுத்த மூன்று எழுத்துக்கள் மாறிவிட்டன. ஜி, ஜி, ஜி என்றிருந்தது ஏ, ஏ, சி என்றாயிற்று. மாறியவை பக்கத்திலிருந்த எழுத்துக்களோடு சேர்ந்து, முன்பு அங்கே இல்லாத அந்த ஆறெழுத்துக் குறியை அச்சாக உண்டாக்கிவிட்டன. யந்திரம் அங்கேயும் தாவ ஆரம்பித்தது. பழைய கிருமியில் இல்லாத ஒரு புதுக் குறும்பத்திரம் பிறந்தது. 2020-ன் கடைசியில் இங்கிலாந்தில் பரவிய ஆல்பா வகையில் இதை ஷெபீல்டு ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2021 டிசம்பரில் நம் தமிழ்நாட்டுக்கு வந்த ஓமிக்ரான் வகையிலும் அதே மூன்றெழுத்து மாற்றம் இருந்தது. ஆனால் 2021 கோடையில் நம்மைச் சூறையாடிய டெல்டாவில் இது இல்லை; அதே இடத்தில் ஒரே ஒரு எழுத்து வேறு விதமாக மாறியிருந்தது. ஆகையால் இந்தக் குறிதான் கொடுமைக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இதையெல்லாம் நம் நாட்டில் படிக்க 2020 டிசம்பரில் 10 ஆய்வுக்கூடங்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தினார்கள். 2021 செப்டம்பரில் சென்னைத் தேனாம்பேட்டையில் தமிழ்நாட்டு அரசாங்கமே எழுத்துப் படிக்கும் கூடம் ஒன்று திறந்தது. ஆதீனம் கல் செதுக்கிய அதே வருஷந்தான்!

இந்த ஜாதிக் கிருமியிடம் பிழை திருத்துகிறவன் ஒருவனும் இருக்கிறான், மற்ற ஆர்.என்.ஏ. கிருமிகள் பெரும்பாலானவற்றில் அவன் இல்லை. அப்படியானால் அவன் தாவல்களைத் தடுப்பான் என்றுதானே நினைப்போம்? 2021-ல் அமெரிக்காவில் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையார் எலிக் கிருமியில் அவனைக் கெடுத்துப் பார்த்தார்கள். தாவல்கள் குறைந்து, அவற்றின் போக்கே மாறிப்போயிற்று! திருத்துகிறவனே தாவலுக்கும் துணை. நம்மூர் வைதீகத்தில் சீர்திருத்தக்காரர்கள் சிலரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

கோணல் நகல்களில் இன்னொரு தினுசு உண்டு. நடுவெல்லாம் இழந்து தலையும் வாலும் மாத்திரம் மிஞ்சிய குட்டை இழைகள். தானாக எதையும் செய்ய அதற்குக் கருவி இல்லை; ஆனால் முழுக் கிருமி செய்து வைத்த யந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, குட்டையாக இருப்பதனால் வெகு சீக்கிரம் நகலாகி, முழுக் கிருமியின் பிழைப்பைக் கெடுத்துவிடும். திருடன் வீட்டில் திருடுகிற திருடன்! இன்ஃபுளுயன்சாக் கிருமியில் டென்மார்க்கைச் சேர்ந்த வான் மாக்னஸ் என்பவர் 1950-ஐ ஒட்டிய வருஷங்களிலேயே இந்த மாதிரிச் சங்கதியைக் கண்டார். கொரோனாவிலும் இப்படிக் குட்டை இழையைச் செயற்கையாகச் செய்து, உயிரணுக்களில் விட்டுக் கிருமியைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்தோடு நிற்கிற விஷயம், மருந்துக்கடையில் கேட்டுவிடாதீர்கள்.

இப்போது நமது தப்புக்கு வருகிறோம்.

2020-ஆம் வருஷம் ஆடி மாதம். இந்த வட்டாரத்தில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருந்த ஒரு தோழர் காய்ச்சலோடு திரும்பினார். பரிசோதனையில் கிருமி இருந்தது. பத்து நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் விட்டுப்போன இலேசான நோயாளியை, நோய் தொடங்கிய பத்தாம் நாளுக்குமேல் மறுபரிசோதனையில்லாமலே அனுப்பலாம், வீட்டில் ஏழு நாள் தனித்திருந்தால் போதும் என்று 2020 மே 8-ந் தேதியே மத்திய சுகாதார இலாகா உத்தரவு போட்டிருந்தது. அந்த ஏழு நாளையும் அவர் கழித்தார். ஊர் ஒப்பவில்லை. "இல்லையென்று சீட்டு கொண்டுவா" என்றார்கள். அவர் கடன் வாங்கித் தனியாரிடம் மறுபரிசோதனை செய்தார். 24-ஆம் நாள், "இருக்கிறது" என்று சீட்டு வந்தது. ஊர் நம்மைக் கேட்டது. "நீங்கள் பேப்பர் படிக்கிறவர், மூடநம்பிக்கை இல்லாதவர், நீங்கள் சொல்லுங்கள்" என்றார்கள். நாம் எப்போதோ படித்தது அரைகுறையாக நினைவிலிருந்தது: உயிருள்ள கிருமி நகலெடுக்கும்போதுதான் குறும்பத்திரங்கள் உண்டாகின்றன, ஆகவே அவை இருந்தால் கிருமி உயிரோடிருக்கிறதென்று அர்த்தம் என்று. அதை வைத்துக்கொண்டு, "நகல் இருக்கிறதென்றால் உயிர் இருக்கிறதென்றுதான் பொருள்" என்று நாம் பெரிய மனிதர்போல் சொல்லிவிட்டோம்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மேலும் மூன்று வாரம் அவரைக் காட்டிலிருந்த மோட்டார் கொட்டகையில் வைத்தார்கள். அவர் மனைவியைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அந்தம்மாள் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தாள். அந்த ஊர் டீக்கடையில் கிருமி வருவதற்கு முன்பே அவர் தெருக்காரர்களுக்கு டம்ளர் தனியாகத்தான் இருந்தது. கிருமி போன பிறகும் ஒதுக்கி வைக்க ஊருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கைச் சாஸ்திரத்திலிருந்து புரோகிதன் எடுத்துக் கொடுக்கவில்லை, விஞ்ஞானத்தின் பேரால் நாம் எடுத்துக் கொடுத்தோம்.

நாம் எங்கே தவறினோம்? அவர் செய்துகொண்ட சாதாரணப் பரிசோதனை குறும்பத்திரத்தைத் தனியே பார்க்கிற பரிசோதனையே அல்ல. அது கிருமியின் எழுத்தில் ஒரு துண்டு இருக்கிறதா என்று மாத்திரம் பார்க்கும். எரிந்துபோன வீட்டில் உத்திரத்துண்டு கிடந்தாலும் "வீடு இருக்கிறது" என்று சொல்லிவிடும். அதுபோகட்டும். குறும்பத்திரத்தைத் தனியே பார்த்த ஜெர்மானியர்களின் ஆராய்ச்சி 2020 ஏப்ரலில் வெளிவந்தது. முனிச் நகரில் 9 நோயாளிகள். நோய் தொடங்கிய எட்டாம் நாளுக்குப் பிறகு எடுத்த சளியில், எழுத்து ஏராளமாக இருந்தும், உயிருள்ள கிருமியை அவர்களால் வளர்த்தெடுக்க முடியவில்லை. நாம் படித்த அதே ஆராய்ச்சிதான். குறும்பத்திரம் என்கிற விநோதம் நம் கண்ணில் பட்டது, எட்டு நாள் என்கிற முக்கியம் படவில்லை! பிறகு அதே வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவில், முதலில் கண்டுபிடித்த நாளிலிருந்து 17 நாள் வரையிலும் குறும்பத்திரங்கள் அகப்படுகின்றன, அவை சவ்வுப் பைகளுக்குள் பத்திரமாகச் சிதையாமல் கிடக்கக்கூடும், ஆகவே அவை இருப்பதினால் மட்டும் கிருமி பெருகுகிறதென்று சொல்லக்கூடாது என்று எழுதினார்கள். விதை நெல் செத்த பிறகும் உமி கிடக்கிற மாதிரி.

தொற்று வேறு, தீட்டு வேறு. தொற்றுக்கு நாள் கணக்கு உண்டு. காய்ச்சல் உள்ளவன் ஒதுங்கியிருப்பது அறிவுடைமை, அதை நாம் வற்புறுத்தியே சொல்லுகிறோம். தீட்டுக்குக் கணக்கே இல்லை. பிறந்ததிலிருந்து சாகும்வரை, செத்த பிறகு சுடுகாட்டிலும் அது தொடரும். நாம் தெரியாமல் சொன்ன ஒரு வார்த்தை, பத்து நாள் தொற்றைத் தீட்டாக்கிவிட்டது.

மறுவருஷம் நாம் அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். அவர் கோபப்படவில்லை. "கிருமிக்குப் பயந்து ஒதுங்கினது பதினேழு நாள் அண்ணாச்சி. அதுக்கு மேலே ஒதுங்கினது உங்க பேச்சுக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகுதான் நாம் இந்தக் கிருமியின் எழுத்தைப் பற்றி, கிடைத்த புத்தகத்தையெல்லாம் அகராதி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தது. இன்று பேசியதில் பாதி அப்படிப் படித்தது.

சீட்டுகள் சில வந்திருக்கின்றன. ஒரு தோழர், "எழுத்து இருந்தாலும் உயிரில்லை, குறும்பத்திரம் இருந்தாலும் உயிரில்லை என்றால், உயிர் இருக்கிறதா என்று எப்படித்தான் அறிவது?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சளியை எடுத்து உயிரணுக்களில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதே நேரான வழி. அதற்குக் காற்றும் வெளியே போகாத பந்தோபஸ்துள்ள கூடம் வேண்டும், நாளும் பிடிக்கும். ஊர் ஊராய் அதைச் செய்ய முடியாதாகையால்தான், அப்படிச் செய்து பார்த்தவர்களின் கணக்கைக் கொண்டு நாள் எண்ணி அனுப்பினார்கள். 2020 மே மாதத்து உத்தரவில் இருந்தது அதுதான்.

இன்னொரு சீட்டில், "ஆதீனத்தின் பேரைச் சொல்லிப் பேசுகிறீர்களே, கேஸ் போட்டால் என்ன செய்வீர்கள்?" என்று இருக்கிறது. அவர்கள் செய்ததைத்தானே சொன்னோம். ஊரறிய, பத்திரிகைக்காரர்களை வைத்துக்கொண்டு செய்தார்கள். கேஸ் வந்தால் கோவில்பட்டிக் கோர்ட்டில் இதே சொற்பொழிவை இன்னொரு முறை செய்ய ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்.

மூன்றாவது சீட்டு ஒரு தாயார் எழுதியது: தன் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள், இந்தக் குறும்பத்திர விஷயம் அவள் புத்தகத்தில் இல்லையே, எங்கே படிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணைக் கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து நம்மைப் பார்க்கச் சொல்லுங்கள். நம்மிடமுள்ள இரண்டு புத்தகங்களைக் கொடுத்தனுப்புகிறோம், திருப்பித் தந்தால் போதும். மற்றச் சீட்டுகளுக்கு, விளாத்திகுளம் பஸ் போய்விடும் என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுவதால், அடுத்த வாரப் பத்திரிகையில் பதில் எழுதுகிறோம்.